தொப்பூர்ப் பாலமும் என் பேத்தி கல்யாணமும்

நல்லம்பள்ளி

பொம்மிடியில் இருக்கும் சம்பந்தியம்மா அமுதவல்லி அவர்களுக்கு, பிரியதர்ஷினியின் ஆயா ராஜாமணி ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம், என் முகத்தைத் தவிர. அதை வெளியே காட்ட முடியவில்லை. போன ஞாயிறு கோயிலில் செய்ததற்கு உங்கள் காலில் வந்து விழவேண்டும். பொம்மிடி பஸ்ஸில் ஏறத் தைரியம் இல்லாததால் காகிதத்திலேயே விழுகிறேன்.

அஞ்சாவதுதான் படித்தேன் என்றாலும் சபையில் டிகிரி வாங்கினவர்களுக்கே நான்தான் பைபிள் வசனம் எடுத்துக் கொடுப்பேன். அந்தக் கர்வம்தான் கெடுத்தது. கண் ஆஸ்பத்திரிக்குச் சேலம் போகும்போதெல்லாம் தொப்பூர் கணவாயில் பாலம் கட்டுவதைப் பார்க்கிறேன். பள்ளத்திலிருந்து தூண் எழும்புகிறது, மலையை வெட்டித் தாழ்த்துகிறார்கள். ஆண்டவர் வரும் வழியில் பள்ளம் உயரும், மலை தாழும், கோணல் நேராகும் என்று ஏசாயா தீர்க்கதரிசி அன்றைக்கே சொல்லிவிட்டாரே! லாரி ஓட்டிய என் வூட்டுக்காரரைக் கொண்டுபோன வளைவு அம்மா அது. அதை நேராக்குகிறார்கள் என்றால் ஆண்டவர் இந்த ரோட்டில்தான் வருகிறார் என்று முடிவு கட்டிவிட்டேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வேறு, "மே மாசம் முடிச்சுடுவாங்க" என்றார். நம் கல்யாணமும் மே கடைசியில். இரண்டில் எது முந்தும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன்.

அந்தக் கணக்கோடுதான் கோயிலுக்கு வந்தேன். போதகர் மூன்று ஞாயிறு வாசிக்கவேண்டிய கல்யாண ஓலையை முதல் தடவை வாசித்து, தடை ஏதும் இருந்தால் சொல்லுங்கள் என்றார். வழக்கமாக யாராவது வாய் திறப்பார்களா? நான் எழுந்து, "இருக்குதுங்க ஐயா" என்றேன். கோயிலே திரும்பிப் பார்த்தது. "பொண்ணுக்கு வேற எங்கியோ மனசு போல" என்று பின்வரிசையில் ஒருத்தி சொன்னது என் காதிலும் விழுந்தது, உங்கள் காதிலும் விழுந்தது. நான் பதறி, "ஐயோ, அது இல்லீங்க, அதுக்குள்ள பாலம் முடிஞ்சு ஆண்டவர் வந்துடுவார், எதுக்கு மண்டபம்?" என்றேன். அப்போதுதான் மாப்பிள்ளை, உங்கள் மகன் ரஞ்சித்குமார் எழுந்தார். "ஆயா, அந்தப் பாலத்துலதான் நான் இஞ்சினியருங்க. மே மாசம் முடியாதுங்க" என்றார். போதகர்கூடச் சிரித்துவிட்டார். நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை. பிரியாணி ஆறிக்கொண்டிருக்க, சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டீர்கள்.

பிரியா என்னோடு பேசுவதில்லை. பேசினது ஒரே பேச்சு: "ஆண்டவர் நல்லா வரட்டும் ஆயா, நீ குறுக்க வராத." அவள் தங்கமான பெண். என் வாய்க்கொழுப்பு அவள்மேல் கறையாகக் கூடாது. வரும் ஞாயிறு இரண்டாம் ஓலை வாசிக்கிறார்கள். நீங்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தால்தான் ஊர் வாய் அடங்கும். நான் கோயிலுக்கே வரமாட்டேன். மழையிலும் ஆராதனை தவறாதவள், வூட்டிலேயே கிடக்கிறேன். தீர்க்கதரிசனப் பேச்சை இத்தோடு விட்டேன்.

உங்கள் வீட்டில் பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் ஆண்டவர் நீண்ட ஆயுசு கொடுப்பாராக.

தலைகுனிந்து,
ராஜாமணி

பின்குறிப்பு: தபால் பெட்டியில் போடுமுன் சேலம் போய்வந்தேன். அந்த வளைவில் பாதி நேராகிவிட்டது. மாப்பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் கல்யாணத்தை ஏப்ரலில் ஈஸ்டர் முடிந்த கையோடு வைத்துவிடலாமா? பிள்ளைகள் ஒரு மாசமாவது சேர்ந்து வாழ்ந்துவிடட்டும்.