ஜன்னலோர சீட்டில் பச்சைக்கல்

கல்லுக்கு ஜன்னலோர சீட் கேட்டுக் கண்டக்டரோடு சண்டை போட்ட மனுஷி, எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருவர்தான்: எங்கள் மஞ்சூர் 'சேத்து டீச்சர்'. அந்தக் கண்டக்டர் அடியேன்.

பள்ளியில் அவர் டிராயிங் டீச்சர். பஸ் ஸ்டாப் நிழற்குடையின் பின்சுவர் இடிந்ததும், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவந்து மண்ணை மிதிக்க வைத்தார்; சேற்றில் இறங்கியதில் வந்ததுதான் அந்தப் பட்டப்பெயர். மண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து, அச்சில் அடித்து, சூளையில் சுடாமல் வெயிலிலேயே காயவைக்கும் பச்சைக்கல். ஒவ்வொரு கல்லிலும் பிள்ளைகள் கைப்பட, மண்ணிலேயே புடைத்து நிற்கும் ஒரு சித்திரம். மழைக்காலத்துக்குள் சுவர் எழும்பாவிட்டால் அங்கே தகரம் அடித்துத் தன் படத்தை ஒட்டிவிடுவதாகக் கவுன்சிலர் சொல்லியிருந்தார்.

எல்லாம் சரி, மஞ்சூரில் வெயிலுக்கு எங்கே போவது? மூடுபனியில் கல்லெல்லாம் பூஞ்சை பிடித்தது. பிள்ளைகள் முகம் தொங்கிப்போனது. ஒரு சனிக்கிழமை காலை, பட்டாளத்தோடு டீச்சர் என் பஸ்ஸில் ஏறினார். ஆளுக்கொரு கல். மேட்டுப்பாளையத்தில் தங்கை வீட்டு மொட்டை மாடியில் காயவைக்கப் போகிறார்களாம்!

"ஏனுங்க டீச்சர், கல்லை மேல கேரியர்ல போடுங்க."

"உடைஞ்சுருமுங்க. மடியிலதான் வரும். இந்தக் கல்லுக்கு மட்டும் ஜன்னலோரம் வேணும்."

"ஏன், அதுக்கு வாந்தி வருதா?"

"மூக்கு காயவே மாட்டேங்குதுங்க. காத்துப் படணும். உங்க மூஞ்சிதானுங்க இது."

பார்த்தேன். வாயில் விசிலோடு நானேதான். மூக்கை மட்டும் எவனோ தாராளமாக வைத்திருந்தான். கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் சீட் கொடுத்துவிட்டேன்.

வாராவாரம் இதே கூத்து. கடைசி நடையில், காய்ந்த கல்லோடு திரும்பும்போது, குன்னூர் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எங்கள் பஸ்ஸில் வெளியே தூறினால் உள்ளே கொட்டும். பச்சைக்கல் நனைந்தால் மறுபடி சேறுதான். பிள்ளைகள் அலறினார்கள். டீச்சர் அசரவில்லை. கல்லையெல்லாம் ஒரு மூலையில் அடுக்கச் சொல்லி, தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போர்த்தி, பஸ்ஸுக்குள்ளேயே குடையை விரித்துக் கற்களுக்குப் பிடித்தபடி மஞ்சூர் வரைக்கும் நின்றார்.

"நீங்க நனையறீங்களே டீச்சர்!"

"நான் கரையமாட்டேனுங்க."

சுவர் எழும்பிவிட்டது. மேலே கூரை இருப்பதால் மழை அண்டாது. கவுன்சிலரும் வந்து, என் மூக்குக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். டீச்சர் அன்று வரவில்லை. காய்ச்சலில் படுத்திருந்தார்.

கரையமாட்டாராம்! அன்றிலிருந்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒரு குடையை மாட்டி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் கொடுப்பதில்லை. அது டீச்சருக்கு.