எத்தனை மீட்டருக்குக் குறி?

சுடும் பயிற்சித் திடலில் சுட்ட குண்டெல்லாம் பலகையில் செய்த மூஸ் மானின் காலடி மண்ணைத்தான் கிளப்பின. சிக்ஸ்டனுக்கு அழுகை வராத குறை.

"எத்தனை மீட்டருக்குக் குறி வச்சிருக்க?" என்றான் மைத்துனன் ஹோல்கெர்.

"நூறு."

"அதான் தப்பு. இருநூறு வை மச்சான். கிட்ட வந்தாலும் விழும், எட்ட நின்னாலும் விழும்."

திங்கட்கிழமை வேட்டை தொடங்குகிறது. மூஸ் தவறாமல் கடக்கும் ஓடைக்கரையில்தான் குழுத் தலைவர் ஆல்கட் வருடா வருடம் சிக்ஸ்டனை நிறுத்துவார். வருடா வருடம் மூஸ் அவனைக் கடந்து உயிரோடு போய்விடும். இந்த முறையும் கோட்டைவிட்டால் துப்பாக்கியை விற்றுவிட்டு, காட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று முடிவு செய்திருந்தான்.

துப்பாக்கியின் குறிநோக்கியைத் திருகி இருநூறுக்கு மாற்றினான். குண்டு முதுகுக்கு மேலே பறந்தது.

"எந்தப் புத்திசாலி சொன்னான் இருநூறுன்னு? நூத்தம்பது வைங்க" என்றார் அங்கே வந்திருந்த துப்பாக்கிக் கடைக்காரர்.

வைத்தான். குறிநோக்கியை எந்தப் பக்கம் திருகித் தொலைத்தானோ, இப்போது அடுத்தவர் பலகையில் ஓட்டை விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்த பார்வையில் இவன் பாதி செத்துப்போனான்.

வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை. "நான் எதுக்குமே லாயக்கில்ல, பிர்கிட்டா."

"அது கிடக்கட்டும். மூஸ் உங்களுக்கு எவ்வளவு தூரத்துல வரும்?" என்றாள் மனைவி.

சிக்ஸ்டன் அதை அளந்து பார்த்ததே இல்லை.

மறுநாளே ஓடைக்கரைக்குப் போய் அளந்தான். அறுபது மீட்டர். வெறும் அறுபது! மிச்சமிருந்த குண்டுகளைச் சுட்டுப் பார்த்து அந்தத் தூரத்துக்கே குறியைப் பதித்தான்.

திங்கள் காலை நாய் குரைத்தது. மூஸ் ஓடையில் இறங்கியது. சிக்ஸ்டன் சுட்டான். விழுந்துவிட்டது.

அவன் போட்ட கூச்சலில் எல்லாரும் ஓடிவந்தார்கள். ஒருவரும் கைகொடுக்கவில்லை. ஆல்கட் தொப்பியைக் கழற்றிக்கொண்டு இழவு வீட்டில் நிற்பதுபோல் நின்றார்.

"முதல் நாளேவா மச்சான்?" என்றான் ஹோல்கெர், குரல் உடைந்து.

"ஏன்? என்னாச்சு?"

"நமக்கு அனுமதியே ஒரு மூஸ்தான். வேட்டை முடிஞ்சுது. வீட்டுக்குப் போக வேண்டியதுதான்" என்றார் ஆல்கட்.

நாயைக் கட்டிக்கொண்டிருந்த ரூனே நிமிர்ந்து பார்த்தார். "வாரம் பூரா லீவு போட்டுட்டு வந்திருக்கோம். நீ விட்டுடுவேங்கிற நம்பிக்கையிலதானேப்பா வருஷா வருஷம் உன்னை இங்க நிறுத்தினோம்!"