சோலாருக்குப் போட்ட மாலை

தனியாக இருக்கிற மனிதனிடம் ஒரு கைப்பேசியையும் நிறைய நேரத்தையும் சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அவன் எலக்ட்ரீஷியன் ஆகிவிடுவான். நான் ஆனேன்.

அதற்கு முன் போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் யார்டு சூப்பர்வைசராக இருந்தேன். மலை மலையாகப் பெட்டிகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். (ஏற்றியது வேறு ஆட்கள். நான் கை காட்டினேன்.) ஓய்வு பெற்ற அதே வருடம் என் மனைவி சாந்தா போய்விட்டாள். கிள்ளானில் மூன்று அறை வீடு, அதில் நான் ஒருவன். ஒரே மகள் கவிதா கல்யாணமாகி பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறாள். பெரிய தூரமில்லை, ரயிலில் ஏறி உட்கார்ந்தால் போய்விடலாம். ஆனால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத்தான் "அடுத்த வாரம் வரேன்" என்று சொல்வது சுலபமாக இருக்கிறது.

அந்த வீட்டுக்குள் இருக்க முடியாமல்தான் வேன் வாங்கினேன். ஒரு சீனர், உள்ளே கட்டில், அலமாரி, சின்ன சிங்க் எல்லாம் வைத்து வீடு மாதிரி செய்திருந்த பழைய வேன். நாடு முழுக்கச் சுற்றப் போகிறேன் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் பெரும்பாலான இரவுகள் அது என் வீட்டு வாசலிலேயே நிற்கும், நான் அதற்குள் படுத்திருப்பேன். வேன் சின்னது. அதில் காலியாகக் கிடக்கிற இடம் குறைவு. பக்கத்து வீட்டுப் பெண் ஒரு நாள் காலையில் பார்த்துவிட்டு, "என்னா அங்கிள், வீட்டுல சண்டையா?" என்று சிரித்தாள். சண்டை போட எனக்கு ஆளில்லை என்பது அவளுக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பள்ளி விடுமுறைக்குக் கவிதா, மாப்பிள்ளை சுரேஷ், குட்டிப் பேத்தி மூவரையும் கிழக்குக் கரைக்கு வேனில் கூட்டிப் போக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. எங்கே நிறுத்துவது, யார் எந்தப் பக்கம் படுப்பது வரை மனதுக்குள் பல தடவை போய் வந்துவிட்டேன். கவிதாவிடம் சொன்னபோது அவள் யோசித்தாள்.

"அப்பா, அந்த வேன்ல ஃபேன் கொஞ்ச நேரம்தான் ஓடுது. ஃபிரிஜ் சும்மா பேருக்கு இருக்கு. பாப்பாவ வச்சிக்கிட்டு எப்படிப்பா?"

"ரெண்டும் ஒழுங்கா ஓடுனா வருவியா?"

"ஒரு நாள் டெஸ்ட் பண்ணிப் பாப்போம்லா. ஓடுச்சின்னா கண்டிப்பா வரோம்."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கூரையில் இருந்த பழைய சோலார் பேனல், அதற்கு மனசு வந்தால், என் கைப்பேசியைச் சார்ஜ் செய்யும். அவ்வளவுதான் அதன் சாமர்த்தியம். அன்றிரவே வீடியோ பார்க்க ஆரம்பித்தேன். சாப்பிடும்போது வீடியோ, படுக்கும்போது வீடியோ. ஓர் அமெரிக்கத் தாடிக்காரர் அந்த மாதங்களில் என்னிடம் பேசிய அளவுக்கு வேறு யாரும் பேசவில்லை. அவர் தயவில் மூன்று புதுப் பேனல்கள், புது சார்ஜ் கன்ட்ரோலர், லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர் என்று எல்லாம் வாங்கி நானே மாட்டினேன்.

தாடிக்காரர் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். நான் மாட்டியது மாதிரி பேனல்களை வரிசையாகக் கோத்திருந்தால் அவற்றின் மேல் கொஞ்சம் நிழல் விழுந்தாலும் போச்சு, மொத்த மின்சாரமும் படுத்துவிடும். இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். முடிவெட்டுபவரிடம் சொன்னேன். கோயில் ஐயரிடம் சொன்னேன். "ஒரு எல நெழல்கூட விழக்கூடாது சாமி" என்றபோது அவர் எனக்குத் திருநீறு கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தார்.

கடைசி ஒயரை மாட்டியதும் மீட்டரில் எண் மளமளவென்று ஏறியது. கைதட்டினேன். பிறகு சுற்றுமுற்றும் பார்த்தேன், காட்ட ஒருவரும் இல்லை. மீட்டரைப் படமெடுத்துக் கவிதாவுக்கு அனுப்பினேன். அவள் கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினாள். அந்தக் கட்டைவிரல் கொடுத்த தைரியத்தில் வேனிலிருந்த கேஸ் அடுப்பைக் கழற்றிப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தானம் செய்துவிட்டேன். சூரியன் இருக்கும்போது கேஸ் எதற்கு?

டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை என்று முடிவானது. காப்பார் தாண்டி ஜெராம் கடற்கரையில் மதியச் சாப்பாடு, வேனிலேயே ரைஸ் குக்கரில் சமைப்பேன் என்று அறிவித்தேன். முந்தின இரவு ஒத்திகை வேறு. ஃபேன், ஃபிரிஜ், எல்லா விளக்குகளும் விடிய விடிய ஓடின. பேட்டரி காலையில் கிட்டத்தட்ட காலி. கவலைப்படவில்லை. நல்ல வெயில் அடித்தால் மதியத்துக்குள் வேண்டிய அளவு ஏறிவிடும் என்பது என் கணக்கு. கணக்கு சரியான கணக்குதான் என்பதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன்.

காலையில் என் பெரியக்கா லெட்சுமி எலுமிச்சம்பழமும் கற்பூரமுமாக வந்து இறங்கினார். "புதுச் சாமான் மாட்டி இருக்க, பூசை போடாம ரோட்டுல எறக்குவியா தம்பி?" சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று, கற்பூரம் காட்டியாயிற்று. அப்புறம் அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"புதுசு எல்லாம் மேலதானே இருக்கு? அதுக்கு ஒண்ணும் வைக்கலையே?"

நியாயமான கேள்வி. அக்காவுக்கு முட்டிவலி, நான்தான் ஏணியில் ஏறினேன். ஒவ்வொரு பேனலுக்கும் முதலில் திருநீற்றைக் குழைத்துப் பட்டையாக மூன்று கோடு. அதன்மேல் சந்தனம். நடுவில் குங்குமம். சாந்தா போன பிறகு எங்கள் வாசலில் நடக்கிற முதல் நல்ல காரியம் அது, அதனால் கை தாராளமாகப் போனது. வண்டி முகப்புக்கென்று அக்கா வாங்கி வந்த சாமந்தி மாலை என் கை தடிமன் இருக்கும். "முன்னால கட்டுனா பறந்துரும், மேலயே சாத்திரு" என்றார். மூன்று பேனல்களுக்கும் குறுக்கே அதைச் சாத்தி, காற்றில் நகராதபடி கேபிள் டை போட்டு இறுக்கினேன். கீழே இறங்கி நின்று கும்பிட்டேன்.

(படிக்கிற உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை.)

அக்காவை ஏற்றிக்கொண்டு ஜெராம் போய்ச் சேர்ந்தேன். கடற்கரையில் எல்லாக் குடும்பங்களும் மர நிழலில் பாய் விரித்துச் சுகமாக உட்கார்ந்திருந்தன. நான் மட்டும் மரமே இல்லாத பொட்டலில் கொண்டுபோய் வேனை நிறுத்தினேன். கவிதாவும் சுரேஷும் குழந்தையும் தங்கள் காரில் வந்து இறங்கினார்கள்.

"மாமா, அங்க நல்லா நெழலா இருக்கே" என்றார் சுரேஷ்.

"நெழல்தான் மாப்பிள்ள நமக்கு எதிரி" என்று ஆரம்பித்து, தாடிக்காரரின் பாடம் முழுவதையும் வெயிலில் நிற்க வைத்தே நடத்தி முடித்தேன்.

பிறகு எல்லோரையும் உள்ளே உட்கார வைத்து ஃபேனைப் போட்டேன். ரைஸ் குக்கரைத் தட்டினேன். கொஞ்ச நேரத்தில் குக்கரின் விளக்கு அணைந்தது. ஃபேன் தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றுவிட்டது. மீட்டரைப் பார்த்தேன், பேனலிலிருந்து வருவது ஏறக்குறைய பூஜ்யம். வெளியே மண்டையைப் பிளக்கிற வெயில்.

இருக்கையைப் பெயர்த்தேன். ஃபியூஸ்களைக் கழற்றி மாட்டினேன். ஒவ்வொரு ஒயராக ஆட்டிப் பார்த்தேன். சுரேஷ் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார், அவர் மூக்கிலிருந்து வியர்வை என் கழுத்தில் சொட்டியது.

"மாமா, மேல ஏதாச்சும் மறைக்குதா?"

"மாப்பிள்ள, இங்கருந்து பாத்தா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் மரம் இருக்கா? நான் என்னா, வெவரம் தெரியாத ஆளா?"

அவர் டார்ச்சை மறுபடி ஃபியூஸ் பக்கம் திருப்பினார். ஃபிரிஜ்ஜில் பேத்திக்கென்று வைத்திருந்த ஐஸ்கிரீம் பால் ஆகிவிட்டது. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. கவிதா இன்வெர்ட்டரோடு வந்த விளக்கப் புத்தகத்தால் அவளுக்கு விசிறிக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகம் அன்றைக்குப் பட்ட ஒரே பிரயோஜனம் அதுதான். பானையில் அரிசி பாதி வெந்து கிடந்தது.

"பரவால்லப்பா, கடையில வாங்கித் தாப்பாவ் பண்ணிக்கலாம்" என்றாள் கவிதா. சாந்தாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தபோது கவிதா தன் அம்மாவிடம் பேசிய குரல் அது. திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சுரேஷ் போய்ப் பொட்டலத்தில் நாசி கோரேங் வாங்கி வந்தார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். கிழக்குக் கரை என்னை விட்டுப் போய்க்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

கிளம்புகிற நேரத்தில் அக்கா சொன்னார்: "தம்பி, பூ வாடிப்போச்சு. போற வழியில விழுந்தா யாராச்சும் மிதிப்பாங்க. எடுத்துத் தண்ணியில விட்டுட்டு வா."

ஏறினேன். கேபிள் டைகளை வெட்டி மாலையைத் தூக்கினேன்.

"அப்பா! ஃபேன் சுத்துது!" என்று கீழேயிருந்து கவிதா கத்தினாள்.

மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். காலுக்கு முன்னால் மூன்று பேனல்கள், ஒவ்வொன்றிலும் பூச்சு வேலை செய்த சுவர் மாதிரி காய்ந்து கிடக்கிற திருநீறும் சந்தனமும். சட்டையைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தேன். உள்ளே சுரேஷ் மீட்டரைப் பார்த்து ஏலம் விடுகிறவர் போலக் கூவினார். "ஏறுது மாமா! இன்னும் ஏறுது மாமா!"

கவிதா வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். பனியனோடு, தோளில் மாலையோடு, கையெல்லாம் குங்குமத்தோடு அவளுடைய அப்பா வேன் கூரையில் நிற்கிறார். அவள் மணலில் உட்கார்ந்து சிரித்தாள். மூச்சு வாங்க வாங்கச் சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. "அம்மா மட்டும் இதப் பாத்திருந்தா..." என்று ஆரம்பித்து மறுபடி சிரித்தாள். நானும் மேலே நின்றபடி சிரித்தேன். கீழே இறங்க எனக்கு மனசே வரவில்லை.

ஆனால் பேட்டரி நிரம்ப இன்னும் பல மணி நேரம் வேண்டும், குழந்தை அழுதுகொண்டிருந்தது. அவர்கள் காரில் போய்விட்டார்கள். விடுமுறைக்கு லங்காவியில் ஹோட்டல் அறை போட்டார்கள். "நீங்களும் வாங்கப்பா" என்று கவிதா கூப்பிட்டாள். "வேன யாரு பாத்துக்கறது?" என்று கேட்டேன். வேனுக்கு என்ன, அது பாட்டுக்கு நிற்கும். வீம்பு என்னுடையது. அவர்கள் கடற்கரையில் நின்று எடுத்த படங்களை வேனில் படுத்தபடி பார்த்தேன், நல்ல காற்று வந்தது.

இப்போது எங்கள் குடும்பத்தில் யார் என்ன புதிதாக வாங்கினாலும், வாஷிங் மெஷினாக இருந்தாலும், "மாமாவக் கூப்புடு, சந்தனம் வைக்கட்டும்" என்பார்கள். கல்யாண வீடுகளில் என்னைத் தெரியாதவர்கள்கூட வந்து, "சோலாருக்கு மாலை போட்ட அங்கிள் நீங்கதானா?" என்று கை குலுக்குகிறார்கள். ஃபோனில் கவிதா முதலில் கேட்பதும் அதுதான்.

"பேட்டரி ஃபுல்லா பா?"

"ஃபுல்லும்மா."

அது பொய்யில்லை. ஒரு குடும்பத்துக்கென்று மாட்டியது, ஒரு ஆள் எவ்வளவு செலவழிக்க முடியும்? காலையிலேயே நிரம்பிவிடுகிறது. அதற்குமேல் அடிக்கிற வெயிலெல்லாம் சும்மா போகிறது. அவள் சிரிப்பாள். "அப்படியே வச்சிருங்க, அடுத்த லீவுக்குக் கண்டிப்பா வரோம்" என்பாள். சரிம்மா என்று ஃபோனை வைத்துவிட்டு, ஏணியைப் போட்டு மேலே ஏறி, துடைத்து வைத்த பேனல்களை இன்னொரு தடவை துடைத்துவிட்டு இறங்குவேன்.