போட்டோட தண்ணி பில்டர் கழுவின கதை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். எங்க மோட்டார் போட்டுல இருக்கிற தண்ணி பில்டரைக் கழுவணும்.

உத்திரமேரூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஏது போட்டுன்னு நீங்க கேப்பீங்க. எங்க நாத்தனாரும் அதையேதான் கேட்டாங்க. எங்க ஊர் ஏரி மீன் குத்தகையை இந்த வருசம் நாங்க எடுத்தோம். பரிசல்ல போய் வலை போட்டா பொழுது போயிடுதுன்னு, கடலோரத்துல எல்லப்பன்னு ஒரு அண்ணன்கிட்ட இருந்து பழைய பைபர் போட்டு ஒண்ணு வாங்கி, லாரியில ஏத்திக்கினு வந்தோம். அதுல இன்ஜினு பின்னாடி தொங்காது. போட்டோட வயித்துக்குள்ளயே கீது. பலகையைத் தூக்கினாத்தான் தெரியும்.

ஓட்டறது எங்க வூட்டுக்காரரு தணிகாசலம். பராமரிப்பு நான்.

இந்தப் பதவியை எனக்கு யாரும் குடுக்கல. நானே எடுத்துக்கினேன். மிக்ஸியைப் பிரிச்சு மாட்டியிருக்கேன். கெணத்து மோட்டாருக்கு வாசர் மாத்தியிருக்கேன். டீசல் இன்ஜினு இன்னா பெரிய இதுவா?

"எதுக்கும் எல்லப்பன் அண்ணனை ஒரு வார்த்தை கேட்டுக்கோ"ன்னாரு வூட்டுக்காரரு.

"பில்டர் கழுவறதுக்கெல்லாம் போன் பண்ணா நம்மளைப் பத்தி அவரு இன்னா நினைப்பாரு?"ன்னேன்.

இப்ப அவரு இன்னா நினைக்கிறாருன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

விஷயம் இதுதான். இன்ஜினு சூடாவாம இருக்க, ஏரித் தண்ணியையே ஒரு குழாய் வழியா உள்ள இழுத்து, சுத்த விட்டு, பின்னாடி வெளிய துப்பும். எங்க ஏரியில பாசி ஜாஸ்தி. முந்தின நாள் சாயங்காலம் துப்பறது நின்னு போய், இன்ஜினு கொதிச்சிடுச்சு. பில்டர்ல பாசி அடைச்சிருக்கும்னு நானே கண்டுபிடிச்சேன். அது சரியான கண்டுபிடிப்பு. அன்னிக்கு நான் சரியா செஞ்சது அது ஒண்ணுதான்.

அவசரமும் இருந்தது. மறுநாள் விடியறப்ப வாலாஜாபாத்துல இருந்து மீன் வியாபாரி வண்டி எடுத்துக்கினு வராரு. குத்தகை எடுத்தப்புறம் எங்களுக்கு அதுதான் முதல் பெரிய வலை. சாயங்காலம் வலையைப் போட்டே ஆவணும்.

அதனால நாஷ்டாவை முடிச்ச கையோட ஏரிக்குப் போயிட்டோம். போட்டு கரையில இருந்து கொஞ்சம் தள்ளி, இடுப்பளவு தண்ணியில கட்டிக் கெடந்தது. அவரு கரையில உக்காந்து வலையில கிழிஞ்ச இடத்தைத் தைச்சிக்கினு இருந்தாரு. நான் போட்டுல ஏறிப் பலகையைத் தூக்கினேன்.

பில்டர் இருந்தது. மேல ஒரு பிளாஸ்டிக் மூடி. ஊறுகா பாட்டிலைத் திறக்கற மாதிரி திருகினேன். சுலபமா வந்துது.

கூடவே தண்ணியும் வந்துது.

முதல்ல எனக்கு சந்தோஷம். அடைச்சிக்கினு இருந்த பாசி தன்னால வெளிய வருதே, நல்லா செஞ்சிருக்காங்கன்னு நினைச்சேன். பாசி வந்துது. அப்புறம் தண்ணி வந்துது. அப்புறமும் தண்ணி வந்துகினே இருந்தது. இவ்ளோ தண்ணி எங்க இருந்துடா வருதுன்னு யோசிச்சேன். எனக்கும் ஏரிக்கும் நடுவுல இருந்தது அந்த ஒரு மூடிதான்னு அப்பத்தான் புரிஞ்சிது.

சரி, மூடிடலாம்னு பார்த்தா மூடியைக் காணோம். பதட்டத்துல கையை வுட்டுட்டேன். அது இன்ஜினுக்கு அடியில எங்கியோ கலங்கின தண்ணிக்குள்ள போயிடுச்சு. உள்ளங்கையை வச்சு அழுத்தினேன். விரல் சந்து வழியா வந்தது. தண்ணி மெதுவா ஏறி பேட்டரி கிட்ட போச்சு. பேட்டரி போனா இன்ஜினு கிளம்பாது. இன்ஜினு கிளம்பலன்னா வலை இல்ல, மீன் இல்ல.

ஒரு கையால ஏரியைத் தடுத்துக்கினு, இன்னொரு கையால எல்லப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவரு கடல்ல இருந்தாரு. ஒரே காத்துச் சத்தம்.

"அண்ணே, பில்டரைத் திறந்தேன். தண்ணி உள்ள வந்துகினு கீது."

"மொதல்ல வாய மூடு தங்கச்சி"ன்னாரு.

எனக்குச் சுருக்குன்னுது. இருந்தாலும் அனுபவசாலி, கத்தினா யோசிக்க முடியாதுன்னு சொல்றாரு போலன்னு வாயை மூடிக்கினேன்.

"மூடிட்டியா?"

"ம்ம்."

"தண்ணி நின்னுச்சா?"

"ம்ஹூம்."

"அப்ப நீ சரியா மூடல. இன்னும் இறுக்கி மூடு."

பெத்த அப்பன்கூட என்னை இப்படிப் பேசினது இல்ல. போனை வச்சிட்டேன்.

கரையைப் பார்த்து, "ஏங்க, தண்ணி, தண்ணி"ன்னு கத்தினேன்.

அவரு நிமிர்ந்து பார்த்தாரு. "இரு, கொண்டாறேன்"ன்னாரு. லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கினு, குடிக்கிற தண்ணி பாட்டிலைத் தலைக்கு மேல பிடிச்சிக்கினு, பதமா நடந்து வந்தாரு. ஒரு சொட்டு சிந்தல.

போட்டுக்குள்ள எட்டிப் பார்த்தாரு. கணுக்கால் மூழ்கி, கையால ஓட்டையைப் பொத்திக்கினு நான் உக்காந்துக்கினு கீறேன்.

"உள்ளயே இவ்ளோ தண்ணி கீதே, அப்புறம் எதுக்கு என்னைக் கேட்ட?"ன்னாரு.

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அவரு போன் அடிச்சிது. எல்லப்பன் அண்ணன். ஸ்பீக்கர்ல போட்டாரு.

"தம்பி, உங்க வூட்டம்மா போனை வச்சிட்டாங்க. அவங்களை வாய மூடச் சொல்லு."

எங்க வூட்டுக்காரரு முகத்துல நான் கல்யாணத்தன்னிக்குக்கூடப் பார்க்காத ஒரு வெளிச்சம்.

"நானே இத்தினி வருசமா சொல்ல முடியாம கீறேண்ணே"ன்னாரு.

"வாய் இல்ல தம்பி, வால்வு. வால்வு. பில்டருக்குக் கீழ, சிவப்புக் கைப்பிடி."

ரெண்டு பேரும் குனிஞ்சு பார்த்தோம். சிவப்புக் கைப்பிடி இருந்தது. என் முட்டிக்குப் பக்கத்துலயே இருந்தது. மாட்ட வசதியா கீதேன்னு என் துணிப்பையை அதுல மாட்டி வச்சிருந்தேன்.

அவரு உள்ள ஏறி, பையை எடுத்துட்டுக் கைப்பிடியைத் திருப்பினாரு. தண்ணி நின்னு போச்சு.

"நின்னுச்சா?"ன்னு போன்ல கேட்டாரு எல்லப்பன் அண்ணன். "நின்னுச்சுண்ணே"ன்னு நான்தான் சொன்னேன். ரொம்ப மரியாதையா சொன்னேன்.

அப்புறம் ரெண்டு பேரும் பக்கெட்டும் குடமுமா மொண்டு மொண்டு ஊத்தினோம். மூடி அவரு கால்ல தட்டுப்பட்டுது. பில்டர் உள்ள இருந்து எலிவால் மாதிரி நீளமா பாசியை இழுத்து எடுத்தேன். கழுவினேன். மூடினேன். துடைச்சுக்கூட வச்சேன்.

"போடுங்க இன்ஜினை"ன்னேன்.

போட்டாரு. ஓடிச்சு. பின்னாடி ஒரு சொட்டுத் தண்ணி துப்பல. பலகைக்கு அடியில சூட்டு வாசனை.

"மூடின வால்வைத் திறந்தியா?"ன்னாரு.

"மூடினது நீங்கதானே?"ன்னேன்.

ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கினோம். அப்புறம் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல கீழ பாய்ஞ்சு, நடுவுல தலையோட தலை மோதிக்கினோம். இன்ஜினை நிறுத்தி, வால்வைத் திறந்து, மறுபடி போட்டப்ப, பின்னாடி குழாய்ல இருந்து தண்ணி சும்மா கொட்டுது. நெத்தியைத் தேய்ச்சிக்கினே அதுல கையை நீட்டிக்கினு சின்னப் பொண்ணு மாதிரி சிரிச்சேன். அவரும் ஒரு கை நீட்டினாரு.

சாயங்காலம் வலையைப் போட்டோம். விடியக்காலையில இழுத்தா கெண்டையும் ஜிலேபி மீனுமா கனம் தாங்கல. வியாபாரி வண்டி நிரம்பிப் போச்சு.

குழம்புக்கு மீன் வாங்க ஏரிக்கரையில கூட்டம். ஆடு மேய்க்கிற மல்லிகாவும் வந்திருந்தா.

"அக்கா, நேத்து பார்த்தேன். புருசன் பொண்டாட்டி ரெண்டு பேரும் போட்டுக்குள்ள இருந்து தண்ணியை மொண்டு ஊத்திக்கினே இருந்தீங்க. இன்னா அது?"ன்னு கேட்டா. கூட்டம் மொத்தமும் என்னைப் பார்த்துது.

"சர்வீஸ் மல்லிகா. பழைய போட்டு பாரு, அப்பப்ப ஏரியை உள்ள விட்டு அலசி எடுக்கணும்"ன்னேன்.