என் மனைவிக்கு ஊசி என்றால் பயம்

ஊசி போட்டுக்கொள்வதில்லை என்று உறுதி எடுத்தேன். மனைவியிடம் அதைச் சொல்வதில்லை என்றும் உறுதி எடுத்தேன். இரண்டாவதற்குத்தான் அதிகத் துணிச்சல் வேண்டியிருந்தது.

எல்லாம் செருப்பால் வந்தது. கடைக்குப் போய்த் திரும்பி வாசலில் குனிந்தால் இடது காலில் செருப்பு இல்லை. தெருமுனையில் கிடந்தது. அங்கிருந்து எண்ணிப் பார்த்தேன். இருநூற்றுப் பதினாறு அடி. அவ்வளவு தூரம் வெறுங்காலில் வந்திருக்கிறேன். காலே எனக்குச் சொல்லவில்லை. பயந்துபோய் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்தார்.

"பி பன்னிரண்டு குறைவு."

யார் வீட்டு நம்பரோ போலிருந்தது.

"நல்லாத்தானே சாப்பிடறேன் டாக்டர்?"

"சாப்பிடறீங்க. வயசாயிடுச்சு, வயிறு அந்தச் சத்தை எடுத்துக்க மாட்டேங்குது. உங்களுக்கு மாத்திரை போதாது. ஏழு நாள், தினம் ஒரு ஊசி. தள்ளிப்போட்டா நரம்பு கெட்டுடும். அப்புறம் நடக்கிறதே கஷ்டம்."

நடக்க முடியாமல் போவது பயம்தான். ஆனால் அது என்றைக்கோ. ஊசி இன்றைக்கு. டாக்டர் எழுதிய ஊசிச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டேன். மருந்துக்கடையில் நானாகவே அதே சத்துக்கு முப்பது மாத்திரை வாங்கிக்கொண்டு வீடு சேர்ந்தேன்.

"டாக்டர் என்ன சொன்னார்?"

"மாத்திரை."

"அவ்வளவுதானா?"

"முப்பது."

ஒன்பது மாத்திரை உள்ளே போயிற்று. பத்தாம் நாள் கணுக்கால்வரை மரத்துவிட்டது. படி எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது, தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"சுவர் விழுந்துடும்னு பிடிச்சுட்டு நிக்கறீங்களா?" என்றாள் மனைவி.

"சும்மாதான்."

"மாத்திரை உடம்புல ஏறலையோ?"

"ஏறும், ஏறும்."

"நான் சொல்றதே நாற்பத்தோரு வருஷமா ஏறல. மாத்திரை என்ன பண்ணும், பாவம்!"

மறுநாள் காலை நர்ஸ் ஒருத்தி பையோடு வந்தாள். மனைவி நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எனக்கு ஊசிங்க. ஏதோ சத்து இல்லையாம். கையெல்லாம் சில்லுனு ஆயிடுச்சு. பக்கத்துல இருங்களேன்."

கல்யாணமான நாள் முதல் அவள் பயந்து நான் பார்த்ததில்லை. என் நெஞ்சு தானாக நிமிர்ந்தது.

"இதுக்குப் போயா? எறும்புக்கடி!"

"வாய்தான். நீங்கன்னா போட்டுக்குவீங்களா?"

"ஒண்ணென்ன, ஒன்பது!"

"அப்ப முதல்ல நீங்க போட்டுக் காட்டுங்க. பார்த்தா என் பயம் போயிடும்."

"உன் மருந்தை எனக்கா?"

"உங்களுக்கும் நல்லதுதாங்க ஐயா," என்றாள் நர்ஸ். ஊசி அதற்குள் நிமிர்ந்து நின்றது. ஒரு பக்கம் மானம், ஒரு பக்கம் உயிர். நடுவில் என் புஜம். கண்ணை இறுக மூடி எண்ணினேன். நான்கு வருமுன் முடிந்துவிட்டது.

"பார்த்தியா? ஒண்ணுமே இல்ல! இப்ப நீ கையை நீட்டு."

நர்ஸ் பையை மூடினாள். "அம்மாவுக்கு ஊசி இல்லையே. சீட்டுல உங்க பேருதான் இருக்கு."

சீட்டைக் காட்டினாள். நாலாக மடித்த மடிப்பு.

மனைவி எழுந்தாள். நர்ஸை வாசல்வரை கொண்டுபோய் விட்டாள்.

"நாளைக்கும் இதே நேரத்துக்கு எனக்குப் பயமா இருக்கும். வந்துடும்மா."