மாப்பிள்ளை சம்பளத்தில் வரி பிடித்த வகையில்

கணக்கு ஆபீசில் உத்தியோகம் பார்க்கும் என் மூத்த பேத்திக்கு, சலவைக் கடை முதலாளியான உன் பாட்டி ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் முட்டியும் இஸ்திரிப் பெட்டியும் சூடாக இருக்கிறோம். அவ்விடம் உன் சளி இறங்கியதா?

வேலை செய்கிறவர் சம்பளத்தில் வருமான வரியை முதலாளியே பிடித்துக் கட்ட வேண்டும் என்று போனில் சொன்னாய் அல்லவா? நம் கடையில் வேலை செய்கிறவர் ஒரே ஒருத்தர், அதுவும் உன்னைப் பெற்ற அப்பா. அஞ்சாங்கிளாஸ் படித்தவளுக்குக் கழித்தல் வராதா? கழித்துத்தான் கொடுத்தேன். மனுஷர் எச்சில் தொட்டுத் தொட்டு எண்ணினார். "அத்தே, குறையுதே?" "வரி, மாப்பிள்ளே. சர்க்காருக்கு." "சர்க்கார் இந்த மாசம் எத்தனை சட்டை தேச்சுது?" என்கிறார். சம்பளத்தில் கை வைத்தால் இஸ்திரிப் பெட்டியில் கை வைக்க மாட்டாராம். வாசலில் வாடிக்கைக்காரர்கள் கசங்கின சட்டையும் கடுகடுத்த முகமுமாக நிற்கிறார்கள். சரி, அவரை நம்பியிருக்கிறவர்கள் பெயரைக் கொடுத்தால் பிடித்தம் குறையுமே என்று நீ அனுப்பிய படிவத்தை நீட்டினேன். பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி கையால் மறைத்து மறைத்து எழுதினார். வாங்கிப் பார்த்தால், முதலில் உன் அம்மா. சரி. அடுத்து உன் தம்பி, தண்டச்சோறு, அதுவும் சரி. மூணாவது நான்! உறவு: மாமியார். நம்பியிருக்கும் காரணம்: "எல்லாத்துக்கும்."

படியளக்கிறவள் நான், என்னைக் காப்பாற்றுகிறவர் இவராம்! படிவத்தை மூஞ்சிக்கு நேரே விசிறினேன். "உங்க மாத்திரை யாரு வாங்கறா? மாடிப்படி யாரு கையைப் பிடிச்சு எறங்கறீங்க?" என்று எதிர்க்கேள்வி வேறே. நான் பாட்டுக்கு இறங்குவேன், கை சும்மா ஒரு மரியாதைக்கு. ஆகவே இத்தோடு வைத்திருக்கும் படிவத்தில் என் பெயரை உடனே அடித்துவிடு. இல்லையென்றால் நாளைக்கே வேறு ஆளை வைத்துவிடுவேன். சொந்தக் காலில் நிற்கிறவளுக்கு ஒருத்தர் தயவும் வேண்டாம்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. உன் மேனேஜருக்கும் என் ஆசீர்வாதம், கேட்காவிட்டாலும் கொடு.

இப்படிக்கு,
முதலாளி பாட்டி

பின்குறிப்பு: படிவத்தை விசிறிய வேகத்தில் என் கண்ணாடியும் பறந்து உடைந்துவிட்டது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல இதை எழுதியது உன் அப்பாதான். ஒரு வசவைக்கூட விடவில்லை. தபால்தலையும் அவர் செலவு.

இது மட்டும் பேனாவைப் பிடுங்கி நானே கிறுக்குவது, கோணலைப் பொறுத்துக்கொள். சட்டம் ஒத்துக்கொண்டால் என் பெயர் அங்கேயே இருக்கட்டும். ஒத்துக்கொள்ளாவிட்டால் எடுத்துவிடு, பிடித்தம் போகிறதை நான் சம்பளத்தில் ஏற்றிக் கொடுத்துவிடுகிறேன். அவரிடம் சொல்லித் தொலைக்காதே, தலைக்கு ஏறிவிடும்.