கிணற்றில் கவிழ்த்த அண்டா

பதினொரு வருடமாகப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். அழுத்தம் கூடினால் காற்றின் பருமன் குறையும் என்று கரும்பலகையில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அதில் ஓர் எழுத்துகூட என் மண்டையில் ஏறவில்லை என்பது, எங்கள் ஊரான கண்டரமாணிக்கத்தில் வீட்டுக் கிணற்றுக்குள் இறங்கிய அன்றுதான் எனக்கே தெரிந்தது.

அப்பச்சி (எங்களில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருடைய பட்டன் போனில், தெரியாமல் எதையோ அமுக்கியதில் பதிவான அவர் குரல் கிடந்தது. "மோட்டாரப் போட்டிருக்கேன். தொட்டி நெறஞ்சதும் நிப்பாட்டிரு, மறந்துறாத." அவ்வளவுதான். தினமும் மத்தியானம் சாப்பிட்டதும் என் ஆத்தா அதைப் போட்டுக் கேட்பாள். முடிந்ததும் "சரி" என்பாள்.

அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்துகிறேன் என்று நான்தான் போனை வாங்கினேன். சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மோட்டார் ஏன் தண்ணீர் எடுக்கவில்லை என்று கிணற்றை எட்டிப் பார்த்தேன். (ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகும் பழக்கம் எனக்கு என்றைக்குமே கிடையாது.) 'டுபுக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

முக்குளிக்கிற ஆளைக் கூப்பிடலாம் என்றாள் என் மனைவி மீனா. இயற்பியல் வாத்தியார் வீட்டில் அது நடக்குமா? சாமான் அறையில் ஆத்தா சீராகக் கொண்டுவந்த பித்தளை அண்டா இருந்தது. கவிழ்த்தபடி தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று நிற்கும். தலையை அதற்குள் விட்டுக்கொண்டு மூச்சு விட்டபடியே இருபதடி போய்வரலாம். காற்று அண்டாவை மேலே தூக்குமே? அதற்காக வீட்டு அம்மி, ஆட்டுக்கல், பக்கத்து வீட்டு அம்மி எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டேன். நீர்மட்டத்தில் அண்டா மிதக்கவுமில்லை, முங்கவுமில்லை. கணக்கு கச்சிதம் என்று நினைத்தேன்.

"அம்மியக் கட்டிக்கிட்டு எங்குட்டுப் போறீக? சொன்னாக் கேக்க மாட்டீகளா?" என்றாள் மீனா.

"இது சயின்ஸ்" என்றேன்.

அண்டாவில் கட்டிய கயிற்றை மேலே நின்று பிடித்தவன் அவள் தம்பி சொக்கு. ஆத்தா கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போன் போனால் போகிறது, இறங்காதே என்று அவள் சொல்லவே இல்லை. அதனால்தான் இறங்கினேன்.

முதல் ஆறடி ராஜமரியாதையாகப் போனது. அதற்குக் கீழே தண்ணீர் அண்டாவுக்குள் இருந்த காற்றை நெருக்கியது. காற்று சுருங்கச் சுருங்கத் தூக்குகிற விசையும் குறைந்தது. அம்மிகள் மட்டும் சுருங்கவில்லை. சொக்குவின் உள்ளங்கையைத் தீய்த்துக்கொண்டு கயிறு ஓட, அண்டாவும் நானும் கற்களும் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தோம். கழுத்தளவு இருந்த தண்ணீர் உதட்டுக்கு வந்துவிட்டது. காதுகளில் ஆணி இறங்குகிற வலி. மூக்கைப் பிடித்து ஊதினால் சரியாகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு கையும் அண்டாவைக் கட்டிப் பிடித்திருந்தன. இடது காதில் பட்டென்று ஏதோ வெடித்தது.

முழங்கால்வரை சேறு. காலால் துழாவினேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. பயம் வந்துவிட்டது. அண்டாவை விட்டுவிட்டு, "ஆத்தா" என்று அலறிக்கொண்டே மேலே வந்தேன்.

"மேல வெறும் கொமுளதான் வந்துச்சு அத்தான். முடிஞ்சுச்சுன்னே நெனச்சுட்டேன்" என்றான் சொக்கு.

காரைக்குடி டாக்டர் சிரிக்கவில்லை. "அலறுனதாலதான் பொழச்சீக. கீழ இழுத்த காத்து மேல வர வர விரியும். வாய மூடியிருந்தா நுரையீரல் கிழிஞ்சிருக்கும்" என்றார். இதையும் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன்.

மறுநாள் முக்குளிப்பவர் ஒரே மூச்சில் போனை எடுத்துக் கொடுத்தார். காரைக்குடி செக்காலையில் போன் ரிப்பேர்க் கடைக்காரர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஆத்தாவிடம் சொன்னேன். எழுந்து உள்ளே போனாள்.

இடது காது அதன்பிறகு கேட்கவே இல்லை. எந்தக் கல்யாணப் பந்தியிலும் என்னைப் பற்றிப் புறம்பேச வேண்டியவர்கள் எனக்கு இடப்பக்கம் இலை போட்டுக்கொள்கிறார்கள். அண்டாவைக் கண்டால் போதும், "அத்தானத் தள்ளி நிப்பாட்டுங்க" என்பான் சொக்கு.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆத்தாவும் என் இடப்பக்கம்தான் உட்காருகிறாள். உதடு அசைந்துகொண்டே இருக்கும். என்னைத் திட்டுகிறாள் என்று எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவள் அப்பச்சியிடம் பேசுகிறாள் என்றுதான் நினைக்கிறேன். திரும்பி வலது காதைக் கொடுக்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.